அரைப்புள்ளிக்கு எத்தனை மாத்திரை?

காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு ரெண்டு, முக்காற்புள்ளிக்கு மூணு, முற்றுப்புள்ளிக்கு நாலு. தமிழ் மீடியத்தில் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இது கடகடவென்று வரும். ஒரு மாத்திரைன்னா கண் இமைக்கிற நேரம், இல்லேன்னா கை நொடிக்கிற நேரம். அப்படின்னா அரைப்புள்ளி வரும்போதெல்லாம் ரெண்டு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டுத்தான் மேலே படிக்கணும். பஸ்ஸில் உட்கார்ந்து இப்படிப் படித்துப் பாருங்க. எதிர் சீட்டுக்காரங்க எழுந்து வந்து கேட்டால் நான் பொறுப்பில்லை ;-)

நம்ம பசங்க இங்கிலீஷ் எழுதும்போது அரைப்புள்ளியைக் கண்டாலே ஒதுங்கிப் போறாங்களே, அதுக்கு முதல் காரணம் இந்த மாத்திரைக் கணக்குதான் என்பது என் கட்சி. "எங்கே மூச்சு விடறியோ அங்கே கமா போடு, கொஞ்சம் பெரிய மூச்சுன்னா செமிகோலன் போடு" என்று சொல்லிக்கொடுத்தால், ஓடி வந்தவன் நாலு போடுவான், உட்கார்ந்திருந்தவன் ஒண்ணு போடுவான். மூச்சு ஆளுக்கு ஆள் மாறும்; வாக்கியம் மாறாது. (முதல் அரைப்புள்ளி வந்தாச்சு.)

எனக்கு இதில் என்ன அக்கறைன்னு கேட்பீங்க. நான் இருப்பது மங்களூர். உடனே கடல், துறைமுகம், மீன் குழம்புன்னு கற்பனைக்குப் போயிடாதீங்க, அது கர்நாடகா. இது கடலூர் மாவட்டம், விருத்தாசலத்துக்கு மேற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் விளையற பூமி. 2006 தேர்தல் வரைக்கும் எங்க பேரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. மறுசீரமைப்புக்குப் பிறகு அது திட்டக்குடி ஆயிடுச்சு. ஊரே பேரைப் பறிகொடுத்து நிக்கும்போது புள்ளிக்கு என்ன கவலைன்னா, சாயந்திரம் ஆனால் எங்க வீட்டுத் திண்ணைக்கு ஏழெட்டுப் பசங்க வருவாங்க. டியூஷன்னு போர்டு எல்லாம் கிடையாது. வேலைக்கு அப்ளிகேஷன், பேங்குக்கு லெட்டர், ரோடு வேணும்னு மனு, இப்படி எதையாவது எழுதி எடுத்துக்கிட்டு வருவாங்க. நான் பார்த்துத் திருத்தித் தருவேன். பத்து வருஷமாப் பார்த்ததில் ஸ்பெல்லிங் தப்பு குறைஞ்சிருக்கு, போன் புண்ணியம். கமா போடற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கு.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் டிப்ளமோ முடிச்சவன். மண்ணைத் தொட்டாலே எத்தனை டிகிரி சூடு தாங்கும்னு சொல்றவன். வெளியூர் டைல்ஸ் கம்பெனி ஒண்ணுக்கு விண்ணப்பம் போட்டு, காலேஜில் செஞ்ச பிராஜெக்ட் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தான். 'எழுத்து வழித் தொடர்புத் திறன் போதாது' என்று ரெண்டு வரிப் பதில். அந்த ஒரு பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். கிராமர் தப்புன்னு பெரிசா எதுவும் இல்லை. ஆனா பக்கம் முழுக்க இந்த மாதிரி:

"தி கில்ன் வாஸ் கூல்டு ஃபாஸ்ட், தி கிளேஸ் கிராக்ட், வீ சேஞ்ச்டு தி கிளே, தி ரிசல்ட் வாஸ் குட்."

நாலு வாக்கியம், மூணு கமா. எது எதுக்குக் காரணம்? சூளையைச் சீக்கிரம் ஆற வெச்சதால் மேல்பூச்சு வெடிச்சதா, இல்லே மண்ணு சரியில்லாம வெடிச்சதா? அவனுக்குத் தெரியும். படிக்கிற ஆளுக்குத் தெரியாது. நாலையும் ஒரே கயிற்றில் கோத்து வெச்சுட்டான். நியாயமாப் பார்த்தால் அந்தக் கம்பெனி கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், சூளை தெரிஞ்ச பையனைக் கமாவுக்காக விட்டுட்டாங்களேன்னு எனக்கு இன்னமும் ஆத்திரம்தான். ஆனா ஆத்திரப்பட்டு என்ன, உலகம் பேப்பரில் இருக்கிறதைத்தான் பார்க்குது.

இந்தக் கமாச் சங்கிலி எங்கே இருந்து வருதுன்னு யோசிச்சால், அதுக்கு வேர் நம்ம தமிழிலேயே இருக்கு. தமிழில் ஒரு வேலையை இன்னொரு வேலையோடு கோக்கறதுக்கு நமக்குப் புள்ளியே தேவையில்லை. 'எழுந்து, குளிச்சு, சாப்பிட்டு, பஸ் பிடிச்சு, போய்ச் சேர்ந்தான்.' அஞ்சு வேலை, ஒரே வாக்கியம். வினையெச்சம்னு இலக்கணத்தில் படிச்சோமே, அது செய்யற வித்தை. கடைசியில் 'ஆன்' என்று முடியற வரைக்கும் வாக்கியம் முடியலைன்னு காதுக்கே தெரியும். முற்றுப்புள்ளி வினைமுற்றுக்குள்ளேயே ஒட்டியிருக்கு. அதனால்தான் ஓலைச்சுவடியில் ஒரு கமா கூட இல்லாமல் நூற்றாண்டுக் கணக்கா எழுதிப் படிக்க முடிஞ்சது.

இங்கிலீஷில் அந்த வசதி இல்லை. நம்ம பையன் மனசுக்குள் 'ஆறவெச்சு, வெடிச்சு, மாத்தி' என்று தமிழில் கோக்கிறான், பேனா இங்கிலீஷில் எழுதுது, எச்சம் இருந்த இடத்தில் எல்லாம் கமா விழுது. கமாவுக்கு அவ்வளவு பலம் கிடையாது. ரெண்டு முழு வாக்கியத்தைப் பிடிச்சு நிறுத்த இங்கிலீஷ் கமாவால் முடியாது. அதுக்கு ஒண்ணு 'அண்ட்', 'பட்' மாதிரி ஒரு இணைப்புச் சொல் துணைக்கு வரணும், இல்லேன்னா அரைப்புள்ளி வேணும்.

இன்னொரு விசேஷம் கவனிங்க. தமிழ் இலக்கணத்தில் அரைப்புள்ளிக்கு ஒரு விதி சொல்லிக்கொடுப்பாங்க: ஒரே எழுவாய் பல பயனிலைகளைக் கொண்டு முடிந்தால் நடுவில் அரைப்புள்ளி. 'மாரி சந்தைக்குப் போனான்; கத்தரிக்காய் வாங்கினான்; மழைக்கு முன்னால் திரும்பினான்.' சரியான தமிழ். இதையே அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டு போய், 'மாரி வென்ட் டு தி மார்க்கெட்; பாட் பிரிஞ்சால்ஸ்; ரிட்டர்ன்டு பிஃபோர் தி ரெயின்' என்று எழுதினால் தப்பு. ஏன் தப்புன்னு கேட்டால் பல பேர் "அது இங்கிலீஷ் ரூல், இது தமிழ் ரூல்" என்று முடிச்சுடுவாங்க. எனக்கு அந்தப் பதில் ஒத்துக்கலை. ரெண்டும் ஒரே ரூல்தான். 'கத்தரிக்காய் வாங்கினான்' என்பதைத் தனியா எடுத்து வெச்சால் தமிழில் அது முழு வாக்கியம், அந்த 'ஆன்'-க்குள்ளே மாரி உட்கார்ந்திருக்கான். 'பாட் பிரிஞ்சால்ஸ்' தனியா எடுத்து வெச்சால் இங்கிலீஷில் அது அநாதை, யார் வாங்கினதுன்னு தெரியாது. அரைப்புள்ளிக்கு ரெண்டு பக்கமும் சொந்தக் காலில் நிக்கிற வாக்கியம் இருக்கணும். தமிழ் அரைப்புள்ளியும் அதைத்தான் கேட்குது, இங்கிலீஷ் அரைப்புள்ளியும் அதைத்தான் கேட்குது.

திண்ணையில் நான் சொல்லிக்கொடுக்கிறது கைச் சோதனை. வலது பக்கத்தைக் கையால் மூடு, இடது பக்கம் முழுசா நிக்குதா? இப்போ இடது பக்கத்தை மூடு, வலது பக்கம் நிக்குதா? ரெண்டும் நின்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு. அடுத்தது, ரெண்டுக்கும் உறவு உண்டா? காரணமும் விளைவும், ஒண்ணுக்கொண்ணு எதிர், இல்லே ஒண்ணோட விளக்கம் இன்னொண்ணு, இப்படி ஏதாவது. உறவு இருந்தால் அரைப்புள்ளி. இல்லேன்னா முற்றுப்புள்ளி போட்டு அடுத்த வேலையைப் பார். மாத்திரை, மூச்சு, கண் சிமிட்டல் எதுவும் வேண்டாம்.

டிப்ளமோ பையனோட வரியை ரெண்டு பேரும் உட்கார்ந்து திருத்தினோம். "தி கில்ன் வாஸ் கூல்டு ஃபாஸ்ட்; தி கிளேஸ் கிராக்ட்." இங்கே ஒரு கமாவுக்குப் பதிலா அரைப்புள்ளி வந்ததும் காரணமும் விளைவும் கைகோத்துக்கிச்சு. 'பிகாஸ்' என்று ஒரு வார்த்தை கூடப் போடலை. மண்ணை மாத்தின கதை அடுத்த வாக்கியத்துக்குப் போயிடுச்சு. பையன் பார்த்துட்டு, "அண்ணே, இது ஒட்டுக் களிமண் மாதிரி இருக்கு" என்றான். கப்புக்குக் கைப்பிடி ஒட்டறதுக்குக் குழைச்ச மண்ணு தடவுவாங்களாம். கப்பும் பாதிக் காய்ஞ்சு முழுசா இருக்கணும், கைப்பிடியும் முழுசா இருக்கணும், ரெண்டும் ஒரே ஈரத்தில் இருக்கணும், இல்லேன்னா சூளையில் பிரிஞ்சு வந்துடுமாம். நான் பத்து வருஷமாச் சொல்லிக்கொடுத்ததை விட இது நல்லா இருக்கேன்னு எழுதி வெச்சுக்கிட்டேன்.

'ஹவெவர்', 'தேர்ஃபோர்' ரெண்டும் தனி வில்லங்கம். ரோடு கேட்டு ஒரு மனு வந்தது: "தி ரோட் இஸ் பேட், ஹவெவர், தி பஸ் கம்ஸ் டெய்லி, தி சில்ட்ரன் ஃபால் டவுன்." இந்த ஹவெவர் யார் வீட்டுப் பிள்ளை? முன்னால் இருக்கிற ரோடுக்கா, பின்னால் இருக்கிற பஸ்ஸுக்கா? அலுவலகத்தில் அவசரமாப் படிக்கிறவர் 'பஸ் தினமும் வருது' என்பதை மட்டும் பிடிச்சுக்கிட்டு மனுவை மூடி வெச்சுடலாம். 'பேட்' என்ற சொல்லுக்குப் பிறகு அரைப்புள்ளி, ஹவெவருக்குப் பிறகு கமா. அப்புறம் பிள்ளைங்க விழறதுக்குத் தனி வாக்கியம், ஏன்னா மனுவே அதுக்குத்தான்.

பட்டியல் போடும்போது அரைப்புள்ளி செய்யற உபகாரம் சுலபமாப் புரிஞ்சிடும், எங்க ஊர்க்காரனுக்கு ரொம்பவே புரியும். 'மங்களூர், கடலூர் மாவட்டம், மங்களூர், கர்நாடகம், ஆத்தூர், சேலம் மாவட்டம்' என்று எழுதினால் மூணு ஊரா ஆறு ஊரா? 'மங்களூர், கடலூர் மாவட்டம்; மங்களூர், கர்நாடகம்; ஆத்தூர், சேலம் மாவட்டம்.' தீர்ந்தது. உள்ளே கமா இருக்கிற சாமான்களைப் பிரிக்கப் பெரிய வேலி. நம்ம அரசியல் சாசனத்து முகவுரையும் இப்படித்தான் நிக்குது. முழு முகவுரையும் ஒரே வாக்கியம். நீதி, அது எந்தெந்த வகைன்னு கமா போட்டுச் சொல்லி ஒரு அரைப்புள்ளி. சுதந்திரம், அது எதுக்கெல்லாம்னு சொல்லி ஒரு அரைப்புள்ளி. சமத்துவம், அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அந்த மூணை எடுத்துட்டுக் கமா மட்டும் வெச்சுப் படிச்சுப் பாருங்க, எது தலைப்பு எது உட்பிரிவுன்னு தட்டுத் தடுமாறும்.

சரி, இந்தக் குறி எங்கே இருந்து வந்தது? இன்னிக்கு நாம பார்க்கிற உருவத்தில் 1490-களில் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனுஷியஸ் என்கிற அச்சுக்காரர் புத்தகத்தில் ஏறினது. தமிழ் எழுத்து முதன்முதலா அச்சேறினது 1578-ல், கொல்லத்தில், 'தம்பிரான் வணக்கம்'. ஆனா தமிழ் உரைநடையில் நிறுத்தற்குறிகளை ஒழுங்காப் போட்டு அச்சிட்ட பெருமையை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்குத்தான் (1822-1879) கொடுக்கறாங்க. மெதடிஸ்ட் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படிச்சு, பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் துணையா இருந்தவர். எதிர்முகாமின் ஆயுதத்தை எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்தினவர். எங்க மாவட்டத்து வள்ளலாரோடு அருட்பா மருட்பான்னு மஞ்சக்குப்பம் கோர்ட் வரைக்கும் போனதால் எங்க பக்கத்தில் அவர் மேல கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனாலும் கமாவுக்காக ஒரு கும்பிடு போடலாம்.

நாவலருக்கு முன்னாலேயே ஒரு சின்னக் குறி தமிழைக் காப்பாத்தின கதை எங்க ஊர்ப்பக்கமே இருக்கு. விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில் தெரிஞ்சிருக்கும். அதைக் கட்டினவர் இத்தாலியில் இருந்து வந்த வீரமாமுனிவர் (1680-1747). அவர் காலத்துக்கு முன்னே எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே உருவம். குறிலுக்கு மட்டும் மேலே ஒரு புள்ளி வைக்கணும். ஓலையில் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும்னு எழுதறவங்க புள்ளியை விட்டுட்டாங்க. விளைவு? 'எரி'யும் 'ஏரி'யும் ஒண்ணு. எரியைக் கண்டு ஓடினானா ஏரியைக் கண்டு ஓடினானான்னு முன்பின் பார்த்துத்தான் ஊகிக்கணும். வெலிங்டன் ஏரித் தண்ணியில் விவசாயம் பண்றவங்களுக்கு இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம் முக்கியம். நெடிலுக்குத் தனி உருவம் கொடுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர்னு வீரமாமுனிவரைச் சொல்றாங்க. ஒரு சுழி, ஒரு கோடு, அவ்வளவுதான்.

மாத்திரைக் கணக்குக்கு வருவோம். இது நம்ம தொல்காப்பியர் சொன்னதுன்னு நினைச்சுடாதீங்க. எழுத்துக்குத்தான் அவர் மாத்திரை சொன்னார். நிறுத்தற்குறியை நேரத்தால் அளக்கிற பழக்கம் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தில் இருந்தது. 1762-ல் ராபர்ட் லவுத் என்கிற பாதிரியார் தன் இலக்கணத்தில் நாலு குறிகளையும் சங்கீதத்து ஸ்வர அளவோடு ஒப்பிட்டார்: கமாவைப் போல ரெண்டு மடங்கு செமிகோலன், அதைப் போல ரெண்டு மடங்கு கோலன், அதைப் போல ரெண்டு மடங்கு முற்றுப்புள்ளி. 1795-ல் வந்த லிண்ட்லி மர்ரேயின் இலக்கணமும் அதையே சொல்லி, பல பதிப்பு கண்டு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போச்சு. நம்ம கால், அரை, முக்கால் எல்லாம் அந்த வழியில் வந்த சரக்குன்னுதான் எனக்குத் தோணுது. அவங்க கணக்கு 1, 2, 4, 8. நம்ம கணக்கு 1, 2, 3, 4. நாம கொஞ்சம் சிக்கனம். சத்தமாப் படிச்சுக் காட்டறது முக்கியமா இருந்த காலத்தில் அது பயன்பட்டிருக்கும். இன்னிக்கு மெயிலை யாரும் ராகம் போட்டுப் படிக்கறதில்லை. இங்கிலீஷ்காரங்களே இலக்கண உறவை வெச்சுத்தான் குறி போடறாங்க, நாம மட்டும் இன்னமும் தாளம் தட்டிக்கிட்டு இருக்கோம்.

இதில் எஞ்சினியரிங் பசங்களுக்கு வேற குழப்பம். அவங்க வாழ்க்கையில் அரைப்புள்ளியை நிஜமா சந்திச்சதே 'சி' லாங்குவேஜ் லேபில்தான். வரி முடிஞ்சால் செமிகோலன். போடாவிட்டால் கம்பைலர் கத்தும். அதனால் 'செமிகோலன்னா முடிவு' என்று மண்டையில் பதிஞ்சு போச்சு. இங்கிலீஷில் அது முடிக்கிற குறி கிடையாது, கோக்கிற குறி. முடியலை, இன்னும் ஒரு பாதி வருதுன்னு சொல்ற குறி. ஒரு பையன் தன் ரெஸ்யூமேயில் ஒவ்வொரு வரியையும் செமிகோலனில் முடிச்சிருந்தான். "ஏன்டா?" என்றால், "எர்ரர் வரக்கூடாதுன்னு" என்கிறான். என்ன செய்ய, சிரிச்சுட்டுத் திருத்தினேன்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பதிவா" என்று அலுத்துக்கறவங்களுக்கு ஒரு சரித்திரம் சொல்றேன். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் நாஜித் தலைவர்களை விசாரிக்க நியூரம்பர்க் நீதிமன்றம் அமைச்சாங்க. அதுக்கான சாசனத்தில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா நாலு நாடும் 1945 ஆகஸ்ட் 8-ஆம் தேதி கையெழுத்துப் போட்டன. அதில் மனித குலத்துக்கு எதிரான குற்றம் எதுன்னு சொல்ற 6-ஆவது பிரிவின் (இ) பகுதியில் ஒரு அரைப்புள்ளி இருந்தது. அதுக்கு முன்னால் பாதி: பொதுமக்கள் மேல போருக்கு முன்னாலோ போரின்போதோ நடத்தின கொலை, அழித்தொழிப்பு, அடிமையாக்கல், நாடுகடத்தல் போன்ற கொடுமைகள். பின்னால் பாதி: அரசியல், இன, மதக் காரணத்துக்காக நடத்தின துன்புறுத்தல், இந்த நீதிமன்றத்தின் வரம்பில் வரும் குற்றங்களோடு தொடர்புடையதாக இருந்தால். அரைப்புள்ளி இருந்தால் முன்பாதி தனி வாக்கியம், அந்தத் 'தொடர்பு' நிபந்தனை பின்பாதிக்கு மட்டும். ஆனா ரஷ்ய மொழிப் பிரதியில் அந்த இடத்தில் கமா இருந்தது. ரெண்டும் ஒத்துப் போகலையேன்னு அக்டோபர் 6-ஆம் தேதி பெர்லினில் தனியா ஒரு ஒப்பந்தம் எழுதி, அரைப்புள்ளியை எடுத்துட்டுக் கமா போட்டாங்க. ஒரு குறியை மாத்தறதுக்கு மட்டும் நாலு வல்லரசு கையெழுத்து!

விளைவு சிரிக்கிற விஷயம் இல்லை. கமா வந்ததும் தொடர்பு நிபந்தனை முழுப் பிரிவுக்கும் பாய்ஞ்சிடுச்சு. போரோடு தொடர்பை நிரூபிச்சால்தான் குற்றம். 1933-ல் ஹிட்லர் வந்ததில் இருந்து 1939-ல் போர் தொடங்கற வரைக்கும் ஜெர்மனிக்குள்ளே யூதர்களுக்கு நடந்த கொடுமைகள், 1938 நவம்பர் ராத்திரியில் கோயில்களைக் கொளுத்தினது உட்பட, பெரும்பாலும் அந்தத் தீர்ப்பின் குற்றக் கணக்கில் ஏறாமல் வெளியே நின்னுபோச்சு. கொடுமை நடந்தது உண்மைன்னு 1946-ல் நீதிமன்றமே சொல்லிச்சு. ஆனா போரோடு தொடர்பு போதுமான அளவு நிரூபணம் ஆகலைன்னும் சொல்லிச்சு. வேற அரசியலும் இதுக்குப் பின்னால் இருந்திருக்கும், நான் இல்லைங்கலை. ஆனா அந்த அரசியலும் நுழையறதுக்கு அந்த ஒரு குறிதான் வாசலா இருந்தது.

நம்ம நாட்டிலும் உண்டு. மருந்து, அழகுசாதனச் சட்டத்தின் 27-ஆவது பிரிவில் தரக்குறைவான மருந்தை 'விற்பனைக்காகத் தயாரிச்சால், வித்தால், இருப்பு வெச்சால் அல்லது காட்சிக்கு வெச்சால்' என்கிற மாதிரி ஒரு வரிசை. 1979-ல் முகமது ஷபீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன பார்த்ததுன்னா, மத்த வார்த்தைக்கெல்லாம் பின்னால் கமா இருக்கு, 'ஸ்டாக்ஸ்' என்ற வார்த்தைக்குப் பின்னால் மட்டும் இல்லை. ஆகவே கடைசியில் வர்ற 'விற்பனைக்காக' என்பது அதுக்கும் சேரும், வெறுமனே கையில் வெச்சிருந்தால் அந்தப் பிரிவில் குற்றமில்லை என்று தீர்ப்பு. இல்லாத கமா ஜெயில் கதவு வரைக்கும் போயிருக்கு பாருங்க.

இதுக்கு நேர் எதிர் நம்ம கிரயப் பத்திரம். 'எழுதிக் கொடுப்பவர்' என்று தொடங்கி, 'சம்மதித்து எழுதிக் கொடுத்த' என்று முடியற வரைக்கும் மூச்சே விடாது. பழைய இங்கிலீஷ் பத்திரங்களும் இப்படித்தான், குறி போட்டால் பின்னால் யாராவது ஒரு கமாவைச் சேர்த்துச் சொத்தையே மாத்திடுவான்னு பயம். அந்தப் பயம் நியாயம்தான். ஆனா சொத்து விவரத்தில், நாலு சர்வே நம்பர், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பரப்பு, ஒரு செக்குபந்தின்னு வரும்போது அரைப்புள்ளி இல்லாமல் ஒரே ஓட்டமா ஓடினால், எந்த வரப்பு எந்த நிலத்துக்குன்னு அடுத்த தலைமுறை வரப்பில் நின்னு சண்டை போடும். அந்த இடத்திலாவது எழுத்தர்கள் கொஞ்சம் மனசு இரங்கலாம்.

அரைப்புள்ளியே வேண்டாம்னு சொல்ற பெரிய ஆட்களும் இருக்காங்க. அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் 2005-ல் வந்த தன் புத்தகத்தில் அதைப் போடவே போடாதீங்கன்னு கிண்டல் பண்ணினார். அவர் சொல்லலாம். போடத் தெரிஞ்சவர் வேண்டாம்னு வைக்கிறது வைராக்கியம், தெரியாதவன் விடறது வேற. இன்னொரு பக்கம், "போனில் கேட்டால் மெஷினே லெட்டர் எழுதிக் கொடுக்குதே, இனிமே இதெல்லாம் எதுக்குண்ணே" என்று திண்ணையிலேயே கேட்கறாங்க. எழுதிக் கொடுக்குது, சுத்தமாவும் கொடுக்குது. ஆனா அது வெச்ச குறி நீ நினைச்ச அர்த்தத்தைச் சொல்லுதான்னு யார் பார்க்கிறது? சூளை சீக்கிரம் ஆறினதா மண்ணு கெட்டதான்னு மெஷினுக்குத் தெரியுமா? கீழே கையெழுத்து உன்னோடதுதானே, அதனால் பார்க்கற கண்ணு உனக்கு வேணும்.

தமிழ்99 விசைப்பலகையில் அரைப்புள்ளி இருக்க வேண்டிய சாவியில் 'ந' உட்கார்ந்திருக்கு என்பதையும் இந்த நேரத்தில் வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். 'நான்', 'நீ', 'நாம்' எல்லாம் அந்தச் சாவியில்தான் தொடங்குது.

நேத்து பசங்களுக்கு ஒரு வரி கொடுத்தேன்: "தி டேங்க் இஸ் ஃபுல், தி மோட்டார் இஸ் ஸ்டில் ரன்னிங், தேர்ஃபோர், தி ஸ்ட்ரீட் இஸ் வெட்." எங்க தெருவோட நிலைமைதான். மூணு விதமாத் திருத்தினாங்க. ஒருத்தி எல்லா இடத்திலும் அரைப்புள்ளி வெச்சாள், தப்பில்லை, கொஞ்சம் நெரிசல். ஒருத்தன் டேங்கை முற்றுப்புள்ளியில் முடிச்சு, மோட்டாருக்கும் தெருவுக்கும் நடுவில் அரைப்புள்ளி வெச்சான். மூணாவது பையன் டேங்கையும் மோட்டாரையும் அரைப்புள்ளியால் கோத்து, அங்கே முற்றுப்புள்ளி வெச்சு, தேர்ஃபோரைப் புது வாக்கியமா ஆரம்பிச்சான். ஏன்டான்னேன். "டேங்க் ரொம்பியும் மோட்டார் ஓடுதுங்கிறதுதானே குத்தம், தெரு நனைஞ்சது அதோட பலன்" என்றான். எனக்கு அவன் வெச்ச இடம்தான் பிடிச்சது. ரெண்டாவது பையன் ஒத்துக்கலை, தண்ணி தெருவுக்கு வந்ததே மோட்டாரால்தான், டேங்கால் இல்லைன்னு இன்னிக்கும் வாதாடிக்கிட்டு இருக்கான்.